மூன்றாவது கைக்கு முன் அனுமதி

எனக்கு யார்மேலும் பொறாமை கிடையாது, என் சகலையைத் தவிர.

அந்த வீட்டில் முதலில் பெண் எடுத்தவன் நான். எனக்குப் பிறகு என் மனைவியின் தங்கையைக் கட்டிக்கொண்டு வந்தவர் அவர். பின்னால் வந்தவர் பின்னாலேயே நின்றிருக்கலாம். நாங்கள் குடியிருக்கும் கட்டடத்திலேயே, எங்களுக்கு நேர் மேலே வீடு பிடித்தார். எங்கள் வீட்டில் ஜன்னல் இருக்கிற இடத்தில் அவர் வீட்டில் பால்கனி. நான் ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்க்கிறவன். சாயங்காலம் வீடு திரும்பும்போது நகக்கண்ணில் கறுப்புப் பொடி ஏறியிருக்கும். அவர் டைல்ஸ் கடையில் மேலாளர், அவர் கையில் எதுவும் ஒட்டாது. மாமியார் என்னைப் பற்றிச் சொல்லும்போது "மூத்தவர் ரொம்ப நல்லவர்" என்பார். அவரைப் பற்றிச் சொல்லும்போது "சின்னவர் கெட்டிக்காரர்" என்பார். சொல்வதற்கு வேறு ஒன்றும் கிடைக்காதவனைத்தான் நல்லவன் என்று சொல்வார்கள் என்பது எனக்கும் தெரியும்.

நான் அவரை மிஞ்சி நின்ற உலகம் ஒன்றே ஒன்றுதான். அந்த உலகமும் ஏற்கெனவே அழிந்துபோயிருந்தது.

'சாம்பல் யுகம்' என்று ஒரு ஆன்லைன் விளையாட்டு. குண்டுகள் விழுந்து பூமி எரிந்துபோனபின் மிச்சமிருக்கும் மனிதர்கள் இடிபாடுகளில் அலைந்து பிழைக்க வேண்டும். கதிர்வீச்சு பட்டு அவர்கள் உடம்பு இஷ்டத்துக்கு மாறும். ஒருவனுக்குக் கொம்பு முளைக்கும், ஒருத்திக்குச் செதில் வளரும். எல்லோரும் துப்பாக்கி வைத்துக்கொண்டு சுவருக்குப் பின்னால் ஒளிந்து சுடுவார்கள். நான் மட்டும் கிட்டே போய் வெறுங்கையால் குத்துவேன். பகலெல்லாம் மெஷினுக்குள் கையை விட்டுப் பழகியவனுக்கு எட்ட நின்று எதையும் செய்ய வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டு சோபாவில் சகலை என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "என்னண்ணா விளையாடறீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்களேன்" என்றார். அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருக்கிறதே என்ற பெருமையில் சொல்லிக் கொடுத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன்.

அந்த விளையாட்டில் பெரிய குழு, மறுமலர்ச்சிப் பேரவை. அதில் சேர நான் ஒரு மழைக்காலம் முழுக்க அதன் வாசல் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறேன். சகலை ஒரே வாரத்தில் உள்ளே போய்விட்டார். அப்போது பேரவைத் தலைவர் தன் வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார்.

தலைவர் வெளியுலகத்தில் என்ன வேலை பார்க்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அங்கே அவரை யாரும் பேச விடுவதில்லை என்பது மட்டும் நிச்சயம். ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பேரவைக் கூட்டத்தில் உட்கார வேண்டும். முதலில் மறைந்த உறுப்பினர்களுக்கு மௌன அஞ்சலி. மறைந்தவர்கள் என்றால் விளையாட்டை விட்டுப் போனவர்கள். ஒருவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, ஒருவர் பரீட்சைக்குப் படிக்கப் போயிருந்தார். படிக்கப் போனவர் பரீட்சை முடிந்து திரும்பி வந்து, தன் அஞ்சலிக்குத் தானே தலைகுனிந்து நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். அவரை உயிரோடு இருப்பவராக ஏற்பதற்குத் தீர்மானம் போட வேண்டியிருந்ததால் அன்றைக்கு அவருக்குப் பேச அனுமதி கிடைக்கவில்லை.

பிறகு தலைவர் பேசினார்.

"நண்பர்களே, கொதிகலன் ராட்சசனோட நாம இதுவரைக்கும் மோதின எல்லாத் தடவையும் பாடம் கத்துக்கிட்ட வெற்றிதான். அவன் தோல்ல குண்டு இறங்காது. கைச்சண்டைக்காரன் ஒருத்தன் கிட்ட போய் அடிச்சாத்தான் விழுவான். அந்த ஒருத்தனுக்கு நாம குடுக்கிற பதவிதான் முதல் முஷ்டி. இந்தப் பேரவைக்கே முதுகெலும்பு அந்தப் பதவி. முதுகெலும்புன்னா அது முதுகுக்குள்ளதான் இருக்கணும், வெளிய தெரியக்கூடாது. வெளிய தெரியறதுக்குத்தான் நான் இருக்கேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். முன்பு முதல் முஷ்டியாக இருந்தவர் வீட்டில் குழந்தை பிறந்து அவர் மறைந்துவிட்டதால் அந்த இடம் காலியாக இருந்தது. அது எனக்கு வேண்டும். பால்கனி அவருக்கு, கெட்டிக்காரர் பட்டம் அவருக்கு, தலைவரின் சிநேகிதம் அவருக்கு. இந்த ஒன்றாவது எனக்கு வரட்டும் என்று மனதார ஆசைப்பட்டேன்.

அதற்குத் தகுந்த உடம்பும் எனக்கு வாய்த்தது. இடிந்த மின்நிலையத்தில் திரிந்துகொண்டிருந்தபோது விலாவுக்குக் கீழே மூன்றாவது கை ஒன்று முளைத்தது. கைச்சண்டைக்காரனுக்கு இன்னொரு கை கிடைப்பதைவிடப் பெரிய பாக்கியம் ஏது? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே. பேரவையின் உருமாற்றக் கட்டுப்பாட்டுக் குழு என்னைக் கூப்பிட்டது. குழுவின் தலைவி வெளியே பல் டாக்டர். அவர் கேட்கும்போது வாயைத் திறக்கவும் பயமாக இருக்கும், மூடவும் பயமாக இருக்கும்.

"இந்தக் கைக்கு முன் அனுமதி வாங்கினீங்களா?" என்றார்.

"அது தானா முளைச்சதுங்க."

"முளைக்கறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும்."

"முளைக்கும்னு எனக்கே தெரியாதுங்களே."

"தெரியாததுக்குத்தான் அனுமதி. தெரிஞ்சதுக்கு எதுக்கு அனுமதி?"

பக்கத்திலிருந்த செயலாளர், "வலது கையா, இடது கையா?" என்று கேட்டார்.

"நடுவுல இருக்குங்க."

"நடுக்கைன்னு நம்மகிட்ட ஒரு பிரிவே இல்லையே" என்று அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

பேரவையிடம் அங்கீகரிக்கப்பட்ட உடல் என்று ஒன்று இருந்தது. கைச்சண்டைக்காரன் என்றால் கல் தோலும் கூர் நகமும் மட்டும் இருக்க வேண்டும். விளையாட்டு தொடங்கிய காலத்தில் யாரோ வகுத்தது. அதற்குப் பிறகு கம்பெனிக்காரன் எல்லாவற்றையும் மாற்றிவிட்டான். இப்போது கல் தோல் இருப்பவன் நடந்து ராட்சசனிடம் போய்ச் சேர்வதற்குள் சண்டை முடிந்துவிடும். அதை நான் பணிவாக எடுத்துச் சொன்னேன். பல் டாக்டர், "விதி மாறலையே. விளையாட்டுதானே மாறியிருக்கு?" என்றார். தீர்மானம் வரும்வரை மூன்றாவது கையைக் கயிற்றால் கட்டி வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவானது. மற்ற இரண்டு கையாலும் நானே கட்டிக்கொண்டேன்.

அதே கூட்டத்தில் சகலையின் நெற்றியில் முளைத்திருந்த குட்டிக் கொம்பும் விசாரணைக்கு வந்தது. "லட்சணமா இருக்கு" என்று குழு ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. எனக்கு உள்ளங்காலிலிருந்து எரிந்தது.

எரிந்தது வீண்போகவில்லை. அன்றைக்கே நாங்கள் இருவரும் பாழடைந்த பஸ் டிப்போவுக்குள் இரை தேடிப் போனோம். சகலை, தலைவர் பரிசாகக் கொடுத்த மார்புக் கவசத்தைப் போட்டுக்கொண்டு தகதகவென்று என் பக்கத்தில் நின்றார். அந்தக் கடுப்பில் நான் ஒரு துருப்பிடித்த பஸ்ஸைக் குத்தினேன். பஸ் இரண்டாக மடிந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. என் உடம்பின் விவரத்தைத் திறந்து பார்த்தேன். மூன்றாவது கையோடு உள்ளுக்குள் இன்னொன்றும் வளர்ந்திருந்தது. அதன் பெயர் பொறாமைச் சுரப்பி.

அந்த விளையாட்டில் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் மதிப்பு என்று ஓர் எண் மிதக்கும். போட்டிருக்கும் கவசம், குழுவில் வகிக்கும் பதவி எல்லாம் சேர்ந்தது அது. பக்கத்தில் நிற்பவனின் மதிப்பு உன்னுடையதைவிட எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு உன் அடி கனக்கும் என்று சுரப்பியைப் பற்றிப் போட்டிருந்தது. நீ உயர்ந்துவிட்டால் அது வற்றிவிடும். கம்பெனிக்காரன் யாரைப் பார்த்து இதை வடிவமைத்தானோ, என்னை அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. நல்லவேளையாகச் சுரப்பி உடம்புக்குள் இருந்தது. வெளியே தெரியாத எதைப் பற்றியும் பேரவை கேட்பதில்லை.

அப்புறம் நான் செய்ததை வேறு எந்த மூத்த மாப்பிள்ளையும் செய்திருக்க மாட்டான். சகலையை உயர்த்தத் தொடங்கினேன். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நான் சகலையை ஊட்டி வளர்த்தேன், என் முஷ்டி தானே வளர்ந்தது. மண்ணுக்குள் கிடந்து தேடி எடுத்த இரும்புக் காலணியை அவருக்குக் கொடுத்தேன். கழுகு இறகு வைத்த தலைக்கவசத்தை அவருக்குக் கொடுத்தேன். நான் கந்தலைக் கட்டிக்கொண்டு நின்றேன். கூட்டங்களில் எழுந்து, அவரை நல்லெண்ணத் தூதராக்க வேண்டும் என்று முன்மொழிந்தேன். பிறகு நீரூற்றுக் காவலர். பிறகு துணைத் தலைவரின் துணை. ஒவ்வொரு தடவையும் அவருடைய அறிவையும் பண்பையும் நானே வாயாரப் புகழ வேண்டியிருந்தது. பேசி முடித்ததும் தொண்டை கசக்கும், போய்த் தண்ணீர் குடிப்பேன்.

"என்ன திடீர்னு தங்கச்சி வீட்டுக்காரர் மேல பாசம் பொங்குது?" என்று என் மனைவி கேட்டாள்.

"குடும்பம்னா ஒத்துமையா இருக்க வேண்டாமா?"

அவள் என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

இதில் ஒரு தொந்தரவும் இருந்தது. சகலையும் எனக்குப் பரிசுகள் கொடுக்க ஆரம்பித்தார். கைக்கவசம், தோள்பட்டைத் தகடு, லேசில் கிடைக்காத ஒரு சிவப்பு அங்கி. மேலே இருக்கிறவன் கீழே இருக்கிறவனுக்குக் கிள்ளிப் போடுகிறான் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. எல்லாவற்றையும் வாங்கிப் பெட்டியில் பூட்டினேன். ஒருநாள் மாடிப்படியில் வழிமறித்தார்.

"அந்த அங்கியைப் போட்டுக்கவே மாட்டேங்கறீங்களே அண்ணா."

"எனக்கு எதுக்குங்க அதெல்லாம்."

"அப்படிச் சொல்லாதீங்க. நீங்க பெரியவர். நீங்க கந்தலோட என் பக்கத்துல நிக்கறதைப் பார்க்க எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு."

அவர் முகம் நிஜமாகவே வாடியிருந்தது. என்ன நடிப்பு என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

முதல் முஷ்டிக்கான தேர்வு வந்தது. பேரவை முற்றத்தில் மரப் பொம்மை ஒன்றை நட்டிருப்பார்கள். அதைக் குத்திக் காட்ட வேண்டும். எனக்குத் துணையாகப் பக்கத்தில் நிற்க சகலையைக் கேட்டேன். நான் கொடுத்தது, தலைவர் கொடுத்தது எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டு ஒற்றைக் குத்துதான் விட்டேன். பொம்மை தூள்தூளாகி, பின்னாலிருந்த மதிலும் சரிந்தது.

யாரும் கைதட்டவில்லை. செயலாளர் தழுதழுத்த குரலில், "இந்தப் பொம்மை ஆரம்பத்துல இருந்து இருக்குங்க. இதுவரைக்கும் எந்த முதல் முஷ்டியும் இதுக்கு ஒரு கீறல்கூட விழ விட்டதில்ல" என்றார்.

"அடிக்கத்தானே சொன்னீங்க?" என்றேன்.

"அடிக்கத்தான் சொன்னோம். உடைக்கச் சொல்லலையே" என்றார் பல் டாக்டர்.

பொம்மையின் மறைவுக்கு மௌன அஞ்சலி செலுத்தப்பட்டது. பிறகு தலைவர் எழுந்தார். "இவர் பலசாலின்னு ஒத்துக்கறேன். ஆனா பலம் வேற, தகுதி வேற. என்னையே எடுத்துக்கங்க, எனக்குப் பலம் கிடையாது. இருந்தாலும் தொடர்ந்து பாடம் கத்துக்கிட்டே இருந்தா உறுப்பினர்கள் வேற குழுவுக்குப் போயிடறாங்க. அதனால இந்த ஒரு தடவை மட்டும் ஜெயிச்சுப் பார்க்கலாம்னு நினைக்கறேன்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கொதிகலனில் இறங்குவது என்று முடிவானது. அந்த வாரம் முழுக்க ஜெராக்ஸ் மெஷின்களைக்கூடப் புன்னகையோடு திறந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பேரவை முழுவதும் இடிந்த மின்நிலையத்தின் அடித்தளத்தில் கூடியிருந்தது. ராட்சசன் கொதிகலன் குழிக்குள் உறுமிக்கொண்டு கிடந்தான். நான் சகலையைத் தேடினேன். வந்து நின்றவரைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. தலையில் கவசம் இல்லை, காலில் காலணி இல்லை, இடுப்பில் ஒரு கிழிந்த சாக்கு. அவர் மதிப்பு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"எங்கங்க உங்க கவசமெல்லாம்?"

"எல்லாத்தையும் தானம் பண்ணிட்டேண்ணா. பதவியெல்லாம்கூடக் காலைல ராஜினாமா பண்ணிட்டேன். இன்னிக்கு உங்க நாள். நான் மின்னிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?"

தலைவரும் செயலாளரும் வழக்கம்போல எட்ட, சுவருக்குப் பின்னால் இருந்தார்கள். என்னோடு குழி விளிம்புக்கு வர வேண்டும் என்று விதியில் இருந்தது துணையாள் ஒருவன்தான். நான் அவசரமாக, "தலைவரே, நீங்க என் பக்கத்துல வந்து நில்லுங்களேன்" என்றேன்.

"தலைமைன்னா தூரத்துல இருந்து பார்க்கறதுதாங்க" என்றார் தலைவர். "ஆனா அடிக்கறதுக்கு முன்னாடி உங்களுக்கு முறைப்படி பதவியைக் குடுத்தாகணும். பதவியில்லாத கை அடிச்சா அது அடியே இல்ல."

"வேண்டாங்க. அடிச்சு முடிச்சப்புறம் குடுங்க. கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

"பாருங்க, எவ்வளவு அடக்கம்" என்றார் தலைவர். "இதுக்காகவே சேர்த்து இன்னொண்ணும் குடுக்கலாம்."

சகலை முன்னால் வந்தார். என் பண்பையும் பொறுமையையும் பற்றி அவர் பேசிய பேச்சில் பல் டாக்டரே மூக்கை உறிஞ்சினார். முதல் முஷ்டியோடு பேரவைச் செம்மல், கைகளின் காவலர் என்று மேலும் இரண்டு பட்டங்களை அவரே முன்மொழிந்தார். நான் பெட்டியில் பூட்டி வைத்ததைப் போலவே இன்னொரு சிவப்பு அங்கியைக் கொண்டுவந்திருந்தார். பதவியேற்கும்போது அங்கியை மறுக்கக் கூடாது என்று விதி இருந்ததாம். அதை என் தோளில் போர்த்தினார். என் தலைக்கு மேலே எண் கிடுகிடுவென்று ஏறியது. உள்ளே சுரப்பி வற்றிக்கொண்டே போவதைத் திரையின் ஓரத்தில் பார்த்தேன்.

குழிக்குள் குதித்தேன். சகலையும் பின்னாலேயே குதித்தார். இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து ராட்சசனை ஒரு குத்துக் குத்தினேன். குழந்தையைத் தட்டித் தூங்க வைப்பதுபோல இருந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போது என் சகலை சாக்கைச் சரிசெய்துகொண்டு, என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. பிறகு வெறுங்கையால் ஒன்று விட்டார். ராட்சசன் மல்லாந்து விழுந்தான். என் வீட்டுக் கூரைக்கு மேலே நாற்காலி கவிழும் சத்தமும் ஒருவர் குதிக்கும் சத்தமும் கேட்டது.

ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு மாடியேறினேன். கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்களுக்கும் சுரப்பியா?"

"ஆமாண்ணா."

"எப்பலேருந்து?"

"உங்களுக்குக் கை முளைச்சதே, அன்னிலேருந்து. எனக்கு ஒரு கொம்புதான் முளைச்சுது. லட்சணமா இருக்குன்னாங்க. வயிறு எரிஞ்சுது."

"என்மேல உங்களுக்கு எதுக்குங்க பொறாமை? பால்கனி வச்சிருக்கறவர் நீங்க."

"பால்கனி வச்சு என்ன பண்றது? அத்தை வீட்ல எது ஒண்ணுன்னாலும் மூத்தவரைக் கேட்டுக்கலாம்னு சொல்றாங்க. என்னைக் கெட்டிக்காரர்னு சொல்லி உக்கார வச்சுடறாங்க. எத்தனை வருஷமா பொறுத்துக்கிட்டு இருக்கேன் தெரியுமா?"

எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தது. என்னைப் பார்த்துப் பொறாமைப்படவும் ஒரு ஆள் இருக்கிறாரே. அடுத்த நிமிடமே கணக்கு புரிந்தது. பொறாமைப்படுவது ஒன்றுதான் நான் உருப்படியாகச் செய்துவந்த காரியம். அதிலும் இவர் என்னை முந்திவிட்டார்.

பேரவை அவசரமாகக் கூடியது. ராட்சசனை வீழ்த்திய கைக்குப் பதவி எதுவும் இல்லாததால் அந்த அடி செல்லாது என்றும், குழிக்குள் பதவியோடு இருந்தது முதல் முஷ்டி ஒருவரே என்பதால் ராட்சசனைக் கொன்றவர் அவரே என்றும் தீர்மானம் நிறைவேறியது. நான் எழுந்து, "நான் கொல்லலீங்க" என்றேன். "அடக்கம்" என்றார் தலைவர். இன்னொரு பட்டம் சேர்ந்தது. தீர்மானத்தை முன்மொழிந்தவர் என் சகலை. இப்போதெல்லாம் எனக்கு வரும் எல்லாப் பட்டத்தையும் அவர்தான் முன்மொழிகிறார். பேசி முடித்ததும் அவரும் எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்கிறார்.

பட்டங்களையெல்லாம் துறக்கலாம் என்று கேட்டுப் பார்த்தேன். துறக்க வேண்டுமானால் மறைய வேண்டும் என்றார் செயலாளர். மறைந்தால் ஞாயிறுதோறும் அஞ்சலி செலுத்துவார்கள், அதற்கும் சகலைதான் பேசுவார்.

ஆகவே இருக்கிறேன். வேட்டைக்குப் போகும்போது அங்கியும் கவசமும் மாட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் நிற்பதுதான் என் வேலை. அவர் சாக்கோடு நின்று என்னை ஒருமுறை பார்ப்பார், பிறகு பஸ்ஸை மடிப்பார், பாலத்தைச் சரிப்பார். எனக்கு முன்பைவிட அதிகமாகவே எரிகிறது. ஆனால் என் மதிப்புக்கு மேலே யாரும் இல்லாததால் விளையாட்டு அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

போன கூட்டத்தில் என் மூன்றாவது கைக்கு ஒருவழியாக அனுமதி வந்தது. சண்டையில் நீட்டக் கூடாது, பாராட்டு விழாக்களில் மட்டும் பயன்படுத்தலாம் என்று நிபந்தனை. கயிற்றை அவிழ்த்துவிட்டேன். சகலை எதையாவது உடைக்கும்போதெல்லாம் இரண்டு கையால் தட்டுகிறேன். மூன்றாவது கையை வயிற்றின்மேல் வைத்துக்கொள்கிறேன்.